பாதியில் கிளம்புகிறவன் கரண்ட் பில்லில் எவ்வளவு தரணும்?

காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டு போர்ஷனில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிவதற்குள் ஒருத்தனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. வாடகையில் தகராறு இல்லை. அக்ரிமெண்டில் அவன் கையெழுத்தும் இருக்கிறது, வேறு ஆள் வரும்வரை தன் பங்கைத் தருகிறேன் என்று அவனே சொல்லிவிட்டான். முட்டிக்கொண்டது கரண்ட் பில்லில்தான்.

ஈபி ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, இவன் கிளம்பியதோ நடுவில். "நான் இருந்த நாளைக் கணக்குப் போட்டு வாங்கிக்கங்கடா" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் அவன் இருந்தவரை செட்டிநாட்டு வெயில் கொளுத்தி ராத்திரி பூரா ஏசி ஓடியது, அவன் போன கையோடு மழை பிடித்துக்கொண்டது, அப்புறம் ஏசியை யார் தொட்டார்கள்? நாள் கணக்கு என்றால் அவன் காலத்து ஏசிக்கு நாங்களும் சேர்த்து அழ வேண்டும்.

அதனால் கிளம்புகிற அன்றைக்கு மீட்டரைப் பாருங்கள். எங்களுக்கு முகப்பிலேயே இருக்கிறது. பட்டனை அமுக்கினால் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக ஓடும், யூனிட் வருகிற இடத்தில் ஒரு போட்டோ எடுத்து மூன்று பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். போன தடவை ரீடிங் ஈபி கார்டில் இருக்கும்.

உதாரணத்துக்கு, அதுவரை ஓடியது 240 யூனிட், பில் வரும்போது மொத்தம் 360 என்று வையுங்கள். 240-ஐ மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 80. மீதி 120 இருக்கிற இரண்டு பேருக்கு, ஆளுக்கு 60. ஆக அவனுக்கு 80, எங்களுக்கு 140, 140. பில் 990 ரூபாய் என்றால் அவன் தர வேண்டியது 220, நாங்கள் 385, 385.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 240 யூனிட்டுக்கு மட்டும் தனியாக பில் போட்டுப் பார்த்து அதில் மூன்றில் ஒரு பங்கு தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். இலவசமும் மலிவு யூனிட்டும் அவன் கணக்கில் போய், விலை கூடின யூனிட் முழுக்க இருக்கிறவர்கள் தலையில் விழும். மொத்த பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கு இருக்கிற சலுகையும் போய்விடும், அதனால் முழு பில்லையும் யூனிட் விகிதத்தில் பிரிப்பதுதான் சரி.

இந்தப் பஞ்சாயத்தைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார ஆச்சிக்கு ஒரே சிரிப்பு. "இதே வளவுல எத்தனை புள்ளி, அதான் எத்தனை குடும்பம், இருந்தோம் தெரியுமாப்பா? கல்யாணம் ஆனா வேறு வச்சிருவாக, இதே வீட்டுக்குள்ளயே தனிக்குடித்தனம், வருசத்துக்கு இவ்வளவுன்னு அரிசி பருப்பு அளந்து குடுத்துருவாக. அடுப்பு வேற, கணக்கு வேற. நீங்க ஒரு ஃபேனுக்கு இந்தப் பாடு படுறீக!" ஃபேன் இல்லை ஆச்சி, ஏசி என்று சொல்ல வாய் வரவில்லை.

கேஸ் சிலிண்டர் சுலபம். காலி எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். எடை மெஷினில் வைத்துக் கழித்தால் 14.2 கிலோவில் எவ்வளவு பாக்கி என்று தெரிந்துவிடும், அதில் அவன் பங்குக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

வைஃபை வேறு கதை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே காசு, மூன்று பேரும் சேர்ந்து ஆறு மாத பிளான் போட்டது, அதனால் பிளான் முடியும்வரை அவன் பங்கு உண்டு என்பது என் கட்சி. "பாக்காத நெட்டுக்கு நான் ஏன்டா காசு தரணும்?" என்பது அவன் கட்சி. கடைசியில் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது தருகிறேன் என்று இறங்கி வந்திருக்கிறான். எந்தத் தீபாவளி என்றுதான் சொல்லவில்லை.