எந்தப் பக்கம் மெல்லுவாய்?

"வலிக்கிறதா?" என்று மூவரும் தனித்தனியாகக் கேட்டோம். குழந்தைகள் பல் மருத்துவரான என் தோழி கேட்டார், பையனின் அப்பா கேட்டார், பல்வரிசையைச் சீராக்கும் மருத்துவரான நானும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் "இல்லை" என்றே சொன்னான். 9 வயது. கீழ்த்தாடையின் இரண்டு பெரிய கடைவாய்ப்பற்களும் பழுப்பேறி, முனைகள் உதிர்ந்து, அடைத்த சிமென்ட்டின் ஓரமெல்லாம் மறுபடியும் உடைந்திருந்தன. காற்றுக் குழலை அருகில் கொண்டுபோனதுமே கண்களை இறுக்கிக்கொண்டான். கேட்டால் மட்டும் "இல்லை."

இந்தப் பற்கள் மிட்டாயால் கெட்டவை அல்ல. அதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். பலர் அதுவரை பிள்ளையைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். 6 வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லுக்கும் முன்பற்களுக்கும் எனாமல் உருவாவது பிறப்பையொட்டிய முதல் சில ஆண்டுகளில். அப்போது எனாமல் சரியாக முதிராமல் போனால், பல் முளைக்கும்போதே மிருதுவாக, நுண்துளைகளோடு வருகிறது. தண்ணீர் பட்டாலே கூசும். கூசுவதால் பிள்ளை அங்கே பிரஷ் வைக்காது, சொத்தை விரைந்து பிடிக்கும். இந்தக் குறைக்கு 'மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன்' என்ற பெயர் 2001இல்தான் வந்தது. இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இன்றும் முடியவில்லை.

தோழி அவனை என்னிடம் அனுப்பியது ஒரே ஒரு முடிவுக்காக: எடுத்துவிடலாமா, காப்பாற்றலாமா? எக்ஸ்ரேயில் கீழ் இரண்டாம் கடைவாய்ப்பல் எலும்புக்குள் இருந்தது. அதன் வேர்கள் பிரியும் இடம் அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது. பெரும்பாலும் 8 முதல் 10 வயதுக்குள் வரும் பருவம் அது. அந்த நேரத்தில் முன்னிருக்கும் பல்லை எடுத்தால் பின்னாலிருப்பது தானாகவே முன்னேறி அதன் இடத்தில் முளைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தாமதித்தால் கீழ்ப்பல் சாய்ந்துவிடும், நடுவே இடைவெளி நிற்கும். மேல்தாடை அவ்வளவு கறாரானது அல்ல. ஞானப்பற்களின் மொட்டுகளும் எக்ஸ்ரேயில் தெரிந்தன. கடி ஒழுங்காக இருந்தது. எடுப்பதற்கு இதைவிடத் தோதான வாய் அமைவது அரிது. ஆனால் ஸ்டீல் கேப் போட்டுச் சில ஆண்டுகள் ஓட்டுவதும் சிகிச்சைதான். அதை நான் அப்பாவிடம் மறைக்கவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. "வலியே இல்லாத பல்லை எதற்காக டாக்டர் எடுக்க வேண்டும்?"

அப்போதுதான் பையன் பக்கம் திரும்பி, "சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுவாய் கண்ணா?" என்று கேட்டேன்.

"முன்னால்."

அப்பா அவனையே பார்த்தார். "அதனால்தான் ஒரு தட்டுச் சோற்றுக்கு அவ்வளவு நேரமா? ஏன்டா சொல்லவில்லை?" பையன் அவருக்குப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அப்பா சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கீழ்ப்பற்கள் இரண்டும், எதிரே தாங்கலின்றி நீண்டு இறங்கிவிடும் என்பதால் மேல்பற்கள் இரண்டும் எடுப்பதென்று முடிவாயிற்று.

ஊசி போடும் நாளில் அவன் உதவியாளரிடம் சொன்னதைத் தோழி பிறகு என்னிடம் சொன்னார். "வலிக்கிறதென்று சொன்னால் பிடுங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை." இத்தகைய பற்களின் நரம்பு ஏற்கெனவே அழற்சியில் இருப்பதால் வழக்கமான அளவு மருந்துக்குச் சரியாக மரத்துப்போகாது. அவனுக்கும் கூடுதலாகத்தான் போட வேண்டியிருந்தது.

என் கேள்வியில் என்ன குறை என்று தோழி கேட்கிறார். எந்தப் பக்கம் மெல்லுகிறான் என்பது எல்லோரிடமும் கேட்பதுதான். வலியை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் பழக்கத்தைக் கேட்டுத்தான் அறிய முடியும். அவர் சொல்வது சரி. ஆனால் அன்று அந்தக் கேள்வியை நான் நோயை அறியக் கேட்கவில்லை. கண்ணை இறுக்கியபோதே நோய் தெரிந்துவிட்டது. அது அப்பாவின் காதுக்காகக் கேட்டது. தன் பல்லைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிள்ளைக்கு இருந்த ஒரே வழி அந்த "இல்லை." அதை அவன் வாயாலேயே தகர்க்க வைத்தேன்.

இப்படி நினைக்கும்போதே மறுப்பும் எழுகிறது. அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருந்தாலும் பதிலை அவரிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? கேட்காமலே இருந்திருந்தால், 12 வயதில் சீழ் கட்டி, அதே பற்களை மோசமான நேரத்தில் எடுத்திருப்போம். இன்று இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறான். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சண்டை இல்லை என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்கிறார். அந்த நன்றியில் சாய்ந்துகொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்பத் தயங்குகிறேன்.

மேலே இடைவெளிகள் அழகாக மூடின. கீழே வலப்பக்கம் நினைத்தபடி வந்தது. இடப்பக்கப் பல் கொஞ்சம் சாய்ந்து, சிறு இடைவெளி விட்டு நின்றுவிட்டது. சரியான பருவத்தில் எடுத்தாலும் இப்படி ஆவதுண்டு. இப்போது 13 வயது, கிளிப் போட்டிருக்கிறான். "எப்படி இருக்கிறது?" என்றால் "நன்றாக இருக்கிறது" என்பான். ஒருமுறை உதட்டை விலக்கிப் பார்த்தபோது கம்பியின் நுனி கன்னத்தில் குத்திப் பெரிய புண்ணாகியிருந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று தோழி சொல்கிறார். இருக்கலாம்.

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். பதிலால் என்ன நடக்கக்கூடும் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பிள்ளையிடம் கேளுங்கள் என்று. அப்படிச் சொல்லியிருந்தால் இவன் "முன்னால்" என்று சொல்லியே இருக்க மாட்டான். அதுவும் தெரிந்துதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சென்ற முறை இடப்பக்க இடைவெளியைப் பற்றிப் பேசினோம். எலும்பில் ஒரு சிறு ஸ்க்ரூ வைத்து, அதைப் பிடிமானமாகக் கொண்டு பல்லை நிமிர்த்தி முன்னே இழுக்கலாம். சிகிச்சை இன்னும் சில மாதங்கள் நீளும். அப்படியே விட்டால் அந்த இடுக்கில் உணவு சிக்கும், தினமும் கவனமாகச் சுத்தம் செய்ய வேண்டும். அப்பா உடனே "மூடிவிடுங்கள் டாக்டர்" என்றார். நான் பையனிடம், அந்த இடத்தில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கிறது என்றால் என்ன செய்வீர்கள், இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்றான்.

இரண்டையும் சொன்னேன். ஸ்க்ரூ எங்கே வைப்போம், ஊசி எவ்வளவு நேரம் மரத்திருக்கும் என்பது வரை சொன்னேன். யோசித்துவிட்டு அடுத்த முறை சொல்கிறேன் என்றான். அப்பாவுக்கு அதில் திருப்தியில்லை. கோப்பில் இடப்பக்கத்துக்கு எதிரே "நோயாளியின் பதிலுக்குப் பிறகு" என்று எழுதி வைத்திருக்கிறேன்.