பாட்டியிடம் பேச வேண்டும்

டெக்சாஸின் சான் அன்டோனியோவில், விக் (WIC) திட்டக் கிளினிக் ஒன்றில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். வருமானம் குறைந்த வீட்டுக் கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பால், முட்டை, பீன்ஸ், பழம் தரும் அரசுத் திட்டம் அது. இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வழிக் குடும்பங்கள்.

2011–2014 தேசியக் கணக்கெடுப்பில், 2 முதல் 5 வயது ஹிஸ்பானிக் (மெக்சிகோ போன்ற ஸ்பானிய மொழி நாடுகளின் வழிவந்த) குழந்தைகளில் 15.6 சதவீதம் பேருக்கு உடல்பருமன். வெள்ளையர் குழந்தைகளில் 5.2. இதைக் குழந்தையின் அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. "நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைதானே?" என்பார். கூடவே பாட்டியும் வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கொழுகொழுவென்று இருந்தால்தான் குழந்தை என்பது நம் ஊர்ப் பாட்டிகளின் கட்சியும்தானே!

அதனால் எடைப் பேச்சை ஒதுக்கிவிட்டுக் குடிக்கிறதில் தொடங்குவேன். குழந்தை ஜூஸ் குடிக்கும் பாட்டிலில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் கோப்பையில் கவிழ்க்கச் சொல்வேன், பாட்டியின் கையாலேயே. அன்று ஒரு பாட்டி ஊற்றியது 10 அவுன்ஸ் (சுமார் 300 மி.லி.). ஒன்று முதல் மூன்று வயதுவரை ஒரு நாளைக்கு ஜூஸ் 4 அவுன்ஸுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017-இல் சொன்னது. பாட்டி கோப்பையைப் பார்த்தார், பேரனைப் பார்த்தார், அப்புறம் மகளைப் பார்த்து, "நீ கொடுப்பது தனி, நான் கொடுப்பது தனி" என்றார். அங்கேதான் கணக்கு உதைத்தது.

உணவில் நான் புதிதாக எதையும் சொல்வதில்லை. பீன்ஸ், மக்காச்சோள டார்ட்டியா (மெல்லிய ரொட்டி), சப்பாத்திக்கள்ளி மடல் பொரியல் எல்லாம் அவர்கள் சமையலிலேயே இருக்கின்றன. ப்ரோக்கோலி படம் போட்ட துண்டுப்பிரசுரத்தை யார் படிப்பார்கள்?

சிகாகோவில் லத்தீன் அமெரிக்க வழிப் பாலர்களுக்கு 14 வாரம் ஆட்டமும் பாடமுமாக ஒரு திட்டம் நடத்தினார்கள். 2006-இல் வந்த முடிவில், பிஎம்ஐயில் (உயரத்துக்கு ஏற்ற எடை அளவில்) சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மாறாக, 2009-இல் விக் தரும் உணவுப் பட்டியலே மாறியது: ஜூஸ் குறைந்தது, இரண்டு வயதுக்கு மேல் கொழுப்பு குறைந்த பால், கூடவே மக்காச்சோள டார்ட்டியா. 2 முதல் 4 வயது விக் குழந்தைகளில் 2010-இல் 15.9 சதவீதமாக இருந்த உடல்பருமன், 2016-இல் 13.9 ஆனது. காரணம் பட்டியல் மட்டுமே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் பேச்சைவிட அந்தப் பட்டியலுக்கு வலு அதிகம் என்றுதான் நினைக்கிறேன். பட்டியலுக்கு வெளியே, பாட்டி தன் காசில் வாங்கும் சோடாவைப் பற்றிப் பேசத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.