கேள்வி என்னிடம் வந்தது

பாலியல் தொழிலாளர்கள் விஷயத்தில் போலீஸ் அதிகாரிகளுக்கு நாங்கள் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களைப் பற்றி இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டீ, பிஸ்கட், ஸ்லைடு, கொட்டாவி. எழும்பூரில் நடந்த அந்தக் கூட்டத்தில் மட்டும் நடுவில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது இன்னும் என்னை விட்டபாடில்லை.

பாலியல் தொழிலாளர்கள் சார்பில் பேச எழுந்த அக்கா இப்படி ஆரம்பித்தார்: "சார், என் மவனுக்குப் பதினெட்டு முடிஞ்சுது. இனிமே நான் ஆக்குற சோத்துல கை வைக்காதடான்னு சொல்லிட்டேன், உள்ள தூக்கி வச்சிருவாங்க. பர்த்டே கேக்கை மட்டும் ராத்திரி பன்னெண்டு அடிக்கறதுக்கு முன்னாடியே ஊட்டி விட்டுட்டேன். அதுக்குக் கேஸ் வராதுல்ல?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். முன்வரிசை அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "நிஜமாவே சட்டம் அப்படியா இருக்கு?"

இருக்கிறது. பாலியல் தொழில் தொடர்பான 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் (ஐ.டி.பி.ஏ.) 4வது பிரிவு. இன்னொருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயதைக் கடந்த எவருக்கும் 2 ஆண்டுவரை சிறை. மகனோ, வயதான அம்மாவோ, விலக்கு இல்லை. சொன்னேன், அவர் குறித்துக்கொண்டார். அதே பிரிவு பல காலமாக என் ஸ்லைடில் இருக்கிறது, ஒருவரும் கேட்டதில்லை.

ஆனால் கேள்வி ஏன் என்னிடம் வந்தது? சட்டத்தோடு குடித்தனம் நடத்துகிறவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். 'அவங்களையே கேளுங்க சார்' என்றிருக்கலாம். அந்த நேரத்தில் யாராவது உடனே பதில் சொல்லாவிட்டால் பேச்சு மதியச் சாப்பாட்டுக்குத் தாவியிருக்கும் என்பதும் உண்மைதான். திரும்பும்போது ஆட்டோவில் அக்கா சொன்னார், "நான் சொன்னா தமாஷு, நீ சொன்னா சட்டம். வுடு தம்பி." கோபமா, இல்லையா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சிரிக்க வைக்காமல் அக்கா அழுதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். அழுகிற பெண்ணுக்கு இந்த அதிகாரிகளிடம் ஒரே மருந்து, 'ஹோம்', அதாவது மீட்கப்பட்டதாகச் சொல்லும் பெண்களை வைக்கும் காப்பகம். விருப்பமில்லாமல் அங்கே அடைபட்டிருக்கும் பெண்களை விடுவிக்க ஆய்வு நடத்துங்கள் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. சிரிக்க வைக்கிறவரை எந்த ஹோமுக்கு அனுப்புவது? சரி, அந்த அதிகாரி சட்டத்தைப் பார்த்துத்தான் சிரித்தாரா?

கூட்ட அறிக்கையில் '4வது பிரிவு குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். கேக்கை எழுதவில்லை. எழுதினால் அது அக்கா கையாலேயே மகன்மேல் கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடாதா? அலுவலகத்தில் இதற்கு என்னைப் பாராட்டினார்கள், அக்கா முறைத்தார். அடுத்த கூட்டத்துக்கு கேக்கை விட்டுவிட்டு பிரியாணி என்று மாற்றி வைத்திருக்கிறாராம்.