பவானி கூடுதுறை போனா குளிச்சுட்டு அப்படியே கிளம்பிடாதீங்க

கூடுதுறைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு ஒரு முங்கு போட்டு, திதி குடுத்து, சங்கமேஸ்வரரை ஒரு கும்பிடு போட்டுட்டு பஸ் ஏறிடறாங்க, எங்க வீட்லயும் இதுதான் பழக்கம். இந்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு அமாவாசையும் இல்லாம ஆடிப்பெருக்கும் இல்லாம ஒரு சாதாரண நாளா பாத்து போனோம், அப்பதான் கோயிலையே ஒழுங்கா பாக்க முடிஞ்சுது.

மேட்டூர்ல இருந்து வர்ற காவிரியும், நீலகிரிப் பக்கமிருந்து கேரளாவுக்குள்ள போயி அட்டப்பாடி வழியா மறுபடி நம்ம பக்கம் வர்ற பவானியும் கோயிலை ஒட்டியே சேருது. கண்ணுக்குத் தெரியாம அமுத நதியும் கலக்குதுன்னு ஐதீகம், அதனாலதான் தென் திரிவேணின்னு சொல்றாங்க.

தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டு படி இறங்கினதும் கால்ல ஏதோ சுத்துதேன்னு குனிஞ்சு இழுத்தா ஒரு முழுப் புடவை வருது, ஜரிகையெல்லாம் பாசி புடிச்சு, சேறு ஏறி தூக்க முடியாத கனம். பரிகாரம்னு கட்டின துணியை ஆத்துலயே விட்டுட்டுப் போறாங்க. பாவம் போகணும்னா காவிரில பாலியஸ்டர் போடணும்னு எந்த சாஸ்திரத்துலங்க இருக்கு?

சரி கோயிலுக்கு வர்றேன். சம்பந்தர் பாடுன திருநணா இதுதான், கொங்கு நாட்டுல இருக்கற ஏழு பாடல் பெற்ற தலத்துல ஒண்ணு, தல விருட்சம் இலந்தை. ஒரே மதிலுக்குள்ள ஆதிகேசவப் பெருமாளும் இருக்காரு, சிவனைப் பாத்துட்டு நாலு எட்டு வச்சா துளசி தீர்த்தம் கிடைக்கும், எங்கம்மாவுக்கு அதுல தனி சந்தோஷம்.

எனக்குப் புடிச்சது வேதநாயகி அம்மன் கதைதான். வெள்ளைக்காரன் காலத்துல வில்லியம் காரோன்னு கோயம்புத்தூர் கலெக்டர் இருந்தாரு. அம்மனைப் பாக்க ஆசை, ஆனா உள்ள விட முடியாதே, அதனால மதில்ல மூணு ஓட்டை போட்டு அது வழியா தரிசனம் பண்ணுனாராம். அப்புறம் ஒரு ராத்திரி நல்ல மழையில ஒரு சின்னப் பொண்ணு வந்து எழுப்பி அவரை பங்களாவை விட்டு வெளிய கூட்டிட்டு வர, பின்னாடியே கட்டடம் இடிஞ்சு விழுந்துச்சாம், திரும்பிப் பாத்தா பொண்ணைக் காணோம். கதையை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், ஆனா அதுக்கு நன்றியா அவரு 1804ல குடுத்த தந்தக் கட்டில் இன்னைக்கும் கோயில்லதான் இருக்கு.

அந்த ஓட்டை எங்கன்னு தெரியாம முழிச்சுட்டு நின்னப்ப பூ விக்கற அக்காதான், "ஏங்கண்ணு, தொரை பாத்த ஓட்டைதான, அந்தப் பக்கம் மதிலோட போ, தெரியும்"னு கைய காட்டுனாங்க. அம்மா அதுல கண்ணை வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "உள்ள நின்னு பாக்கறப்ப அர்ச்சகரு நகரு நகருன்னு வெரட்டறாரு, இதுவே பரவால்லடி"ன்னாங்க.

போறவங்க காலையிலயே போயிடுங்க, மதியம் நடை சாத்திடுவாங்க. ஈரத்துணி போட ஒரு பை எடுத்துட்டுப் போங்க, ஆத்துல விடாதீங்க.