பாராமகால் தபால் வழி: ஒரு நாட்குறிப்பு

அக்டோபர் 4, 2025. தருமபுரி

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகால், கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) வசம் வந்தபோது, கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் இருந்தார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கினார். இருவரும் பட்டாளத்து அதிகாரிகள். நில அளவை, தீர்வை விகிதம், கிஸ்து (வரித் தவணை) பாக்கி என்று அவர்கள் செய்த வேலை முழுவதும் காகிதத்தில் நடந்த வேலை என்பதால், இந்த ஊர்களுக்கிடையே தினமும் தபால் பை போய்வர வேண்டிய தேவை முதலில் கச்சேரிக்குத்தான் (சர்க்கார் அலுவலகத்துக்குத்தான்) ஏற்பட்டது, குடியானவருக்கு அல்ல. சென்னைக் கோட்டைக்குள் பொதுத் தபால் நிலையம் 1786 ஜூன் 1ஆம் தேதியே திறந்துவிட்டது. ஆனால் நம் பக்கத்தில் அந்தத் தபாலின் முதல் வாடிக்கையாளர் சர்க்காரேதான்.

தபால் வரலாறு எழுதுபவர்கள் திறப்பு விழாத் தேதிகளையே அடுக்குகிறார்கள். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. திறந்த வழியை மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே நாள் தவறாமல் நடத்தியது யார், எப்படி என்பதுதான் என் கேள்வி.

அக்டோபர் 9. தொப்பூர்

கணவாயில் இறங்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நான்குவழிச் சாலை வந்த பிறகும் இந்த இறக்கத்தில் விபத்து ஓயவில்லை. இதே சரிவில், தோளில் பையும் கையில் சலங்கை கட்டிய ஈட்டியுமாக இரவில் ஓடிய தபால் ஓட்டக்காரரை நினைத்துப் பார்த்தால், அந்தச் சலங்கை அலங்காரத்துக்கு அல்ல என்பது விளங்கும். காட்டு விலங்கு ஒதுங்கவும், அடுத்த சாவடியில் காத்திருப்பவர் எழுந்து தயாராகவும் அந்த ஒலிதான் உதவியது. காடு அடர்ந்த இடங்களில் தீவட்டிக்காரரும் உடன் போவதுண்டு.

ஒரு ஓட்டக்காரர் ஓடவேண்டிய தூரம் பொதுவாக ஆறு முதல் எட்டு மைல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 45 கிலோமீட்டர், அதாவது 28 மைல். ஆளுக்கு ஏழு மைல் என்று வைத்தால் ஒரு திசைக்கு நான்கு பேர். மணிக்கு நான்கு மைல் நடந்தாலும் ஏழு மணி நேரத்தில் பை போய்ச் சேரும். கணக்கு எளிதுதான். ஆனால் நால்வரில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டாலோ, வழியிலுள்ள காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை ஆறு பெருகிவிட்டாலோ மற்ற மூவரின் ஓட்டமும் வீணாகிவிடும். அதனால்தான் மெயில் ஓவர்சீயர் என்றொருவர் வழி நெடுகச் சுற்றிவந்தார். மாற்றாள் தேடுவதும், நேரம் குறித்த சீட்டைச் சரிபார்ப்பதும், தாமதத்துக்குக் காரணம் கேட்பதும் அவர் பொறுப்பு. அந்த நெடுஞ்சங்கிலி அறாமல் இருந்ததற்கு, சென்னையில் போட்ட உத்தரவுகளைவிட இவர் காலில் படிந்த புழுதிதான் பெரிய காரணம் என்பேன்.

அக்டோபர் 10

மழை. எங்கும் போகவில்லை. பழைய மெயில் கேரியர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார், என்னைவிட மூத்தவர். பை கட்டும் முறையைப் பற்றிப் பேச்சு வந்ததும், மேசையில் கிடந்த துணிப்பையை எடுத்துக் கட்டியே காட்டிவிட்டார். வாயை மடித்துச் சுருக்கி, சணல் கயிற்றை இறுக்கிச் சுற்றி, சீட்டைக் கோத்து, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி விடவேண்டும். அரக்கு அதிகச் சூடாக இருந்தால் முத்திரை ஒட்டிக்கொள்ளும். ஆறிவிட்டால் எழுத்து பதியாது. பித்தளை முத்திரையை ஈரத்தில் தொட்டு, சரியான கணத்தில் அழுத்தவேண்டும். “அண்ணே, பை லேட்டா வந்தா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டேன். “லேட்டுக்கு மழைன்னு எழுதலாம் சார். சீல் உடைஞ்சிருந்தா என்னன்னு எழுதுவீங்க?” என்றார்.

அக்டோபர் 17. தருமபுரி

1837ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் கடிதம் கொண்டுசெல்லும் உரிமையைச் சர்க்காருக்கே தனியுரிமையாக்கியது. கட்டணம் தூரத்தையும் எடையையும் பொறுத்தது. 1854இல் வந்த சட்டமும், எண்ணைப் பார்த்தால், 17தான். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் கால் தோலா எடைக் கடிதம் நாட்டில் எங்கு போனாலும் அரை அணா. கால் தோலா என்பது மூன்று கிராமுக்கும் சற்றுக் குறைவு, மெல்லிய தாள் ஒன்று. தபால்தலை ஒட்டாமல் அனுப்பினால் வாங்குபவர் இருமடங்கு கொடுக்கவேண்டும். அவர் வாங்க மறுத்துவிட்டால் சுமந்து வந்த உழைப்பு அத்தனையும் நட்டம்.

ஒரே கட்டணத்தைப் பெரிய சீர்திருத்தம் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள், பாராட்டத்தக்கதுதான். ஆனால் கட்டணத்தில் தூரம் மறைந்தாலும் ஓடுபவர் காலுக்குத் தூரம் குறையவில்லை. மலிவானதும் பை கனத்தது. 1879இல் கால் அணா தபால் கார்டும், 1880இல் மணியார்டரும், 1882இல் சேமிப்பு வங்கியும் வந்து சேர்ந்தன. என் பார்வையில், பாராமகால் மக்களுக்குத் தபால் தங்களுடையதானது மணியார்டரால்தான். கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவரின் குடும்பத்துக்குக் கடிதத்தைவிடப் பணம் முக்கியம்.

அக்டோபர் 26. ஓசூர்

எல்லை ஊர். மைசூர் அரசு 17ஆம் நூற்றாண்டில் சிக்கதேவராய உடையார் காலத்திலிருந்தே ‘அஞ்சே’ என்ற பெயரில் சொந்தத் தபால் நடத்திவந்தது. 1889இல்தான் அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஏகாதிபத்தியத் தபாலோடு இணைந்தது. அதுவரை ஓசூருக்கு அந்தப் பக்கம் ஒரு தபால், இந்தப் பக்கம் ஒரு தபால். சமஸ்தானத்து அஞ்சேயைக் கலைத்ததை முன்னேற்றம் என்று மட்டும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. கும்பினித் தபாலைவிட ஒரு நூற்றாண்டு மூத்த ஏற்பாடு அது.

நவம்பர் 2. மொரப்பூர்

1860களின் தொடக்கத்தில் ஜோலார்பேட்டை, சேலம் வழியாக ரயில் போனதும் தபாலின் திசையே மாறியது. அதுவரை நெடுஞ்சாலையோரம் இருந்த தருமபுரியும் கிருஷ்ணகிரியும், ரயிலடியிலிருந்து பை வந்து சேரவேண்டிய கிளை ஊர்களாயின. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் குறுகிய பாதை ரயில் போட்டார்கள். பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. இவை பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவரவேண்டும் என்ற நோக்கில் போட்டவை. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு அதற்குக் காரணம்.

1941இல், யுத்தத்தின்போது, இரண்டு பாதைகளையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். உள்ளூர் மக்களின் பயணமும் சரக்கும் என்ன ஆகும் என்பது யுத்தக் கணக்கில் பெரிதாக வரவில்லை. இரும்பு போன பிறகு பை மறுபடியும் சாலைக்கே வந்தாக வேண்டும். மன்றோ காலத்துக் காகிதமும் சாலையில்தான் போயிற்று. ரயில் வந்ததை விரிவாக்கம் என்று எழுதுபவர்கள், அது போனதற்கும் அதே அளவு பக்கம் ஒதுக்கவேண்டும்.