எழுத்துக்கூட்டிய பிறகு

மூன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் 247 எழுத்துகளில் எதைக் காட்டினாலும் சொல்லிவிடுவார்கள். ஒரு பத்தியைக் கொடுத்தால் மட்டும் 'ம…ர…த்…தின்' என்று ஊர்ந்து போவார்கள். வரி முடியும்போது அதன் முதல் சொல் மறந்திருக்கும். என்ன படித்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள். இதைக் கவனக்குறைவு என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. அந்தப் பிள்ளை தன் கவனம் முழுவதையும் எழுத்துக்கே கொடுத்துவிட்டது, பொருளுக்கு மிச்சம் வைக்க முடியவில்லை. லாபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1974-இல் விளக்கியதும் இதைத்தான்: சொல்லை இனங்காண்பது தானாக நடக்கத் தொடங்கினால்தான் மனம் பொருளின் பக்கம் திரும்பும்.

அதனால் அடிக்கடி வரும் சிறு சொற்களைப் பார்த்தவுடன் படிக்கப் பழக்குகிறோம். ஆங்கிலத்துக்கு எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-இலேயே இப்படி 220 சொற்களைத் தொகுத்துவிட்டார். தமிழுக்கு என் வகுப்பில் அது, என்று, ஆனால், பிறகு, மட்டும் என்று பாடநூலிலிருந்தே பொறுக்கிக்கொள்கிறேன். ஒரு சொல் மட்டும் எழுதிய அட்டைகளை வேகவேகமாகக் காட்டினால் மட்டும் போதாது. உருவத்தை வைத்து ஊகிக்கும் பிள்ளை 'என்று', 'இன்று', 'அன்று' மூன்றையும் குழப்பும். சொல்லைச் சொல்லவைத்து, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று விரல் வைத்துக் காட்டச் செய்து, எழுதவைத்து, பிறகு ஒரு வாக்கியத்துக்குள் படிக்கவைப்பேன். ஒலியும் எழுத்தும் ஒட்டிய பிறகுதான் சொல் நினைவில் தங்குகிறது.

தமிழில் பெரிய முட்டுக்கட்டை நீண்ட சொற்கள். 'பேசிக்கொண்டிருந்தார்கள்' என்பதைக் கண்டதும் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் நின்றுவிடும். இங்கே முழுச்சொல்லை அட்டையில் எழுதிப் பயனில்லை, இப்படி எத்தனை சொற்களுக்கு எழுதுவது? 'கொண்டிருந்த' என்ற துண்டைத் தனியாகப் பழக்கினால் 'ஓடிக்கொண்டிருந்தது', 'பார்த்துக்கொண்டிருந்தாள்' எல்லாமே திறந்துகொள்கின்றன. 'களுக்கு', 'வேண்டும்', 'இல்லாமல்' போன்ற துண்டுகளும் அப்படித்தான். சொற்பட்டியலைவிட இந்தத் துண்டுப் பட்டியலுக்கே நான் அதிக நேரம் கொடுக்கிறேன்.

மற்றது திரும்பப் படித்தல். சிறிய பத்தியை முதலில் நான் படிப்பேன், பிறகு சேர்ந்து படிப்போம், அப்புறம் பிள்ளை தனியாகப் படிக்கும். அடுத்த நாளும் அதே பத்தி. கடிகாரத்தை வைத்து நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவது ஆசிரியருக்குப் பயன்படலாம். ஆனால் அந்த எண்ணைச் சொன்னால் பிள்ளை நிறுத்தற்குறிகளை விழுங்கிக்கொண்டு ஓடும். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொற்கள் சேர்ந்து வரும் என்று பென்சிலால் சிறு கோடுகள் போட்டுத் தருவது எனக்குப் பிடித்த வழி. பொருள் புரிய அந்தக் கோடுகள் உதவும்.

பத்தி எளிதாக இருப்பது முக்கியம். இருபது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால், பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும், அதை எடுத்துவைத்துவிட்டு எளிதான வேறொன்றைத் தருகிறேன்.