ஏர் ரைபிளுக்கு அனோடைசிங்: பேட்டையில் கேட்டு, கோவையில் முடித்தது

மகளின் பத்து மீட்டர் ஏர் ரைபிள் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சுடும் இயந்திரம் கச்சிதமாக இருந்தது, உடம்புதான் பழசு. இந்த ரகத்தில் கட்டைக்குப் பதிலாக ஸ்டாக், அதாவது தோளிலும் கன்னத்திலும் கையிலும் தாங்கிப் பிடிக்கிற உடம்பு, முழுக்க அலுமினியம். கன்னம் வைக்கிற இடத்திலும் இடது கை தாங்குகிற பிளாக்கிலும் கறுப்பு தேய்ந்து வெள்ளை தெரிந்தது. பாளையங்கோட்டை வெக்கையில் கேன்வாஸ் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றால் வியர்வை எப்படி ஊற்றும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பு பட்டுப்பட்டு அலுமினியம் பொடி பூத்து, ஜாக்கெட்டெல்லாம் சாம்பல் கறை. புதுப் பாகம் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். விலையைக் கேட்டதுமே, இருக்கிறதையே அனோடைசிங் செய்து, அதாவது அலுமினியத்தின் மேல்தோலைக் கெட்டியான ஆக்சைடாக்கிச் சாயம் ஏற்றி, புதுசாக்கிக்கொள்வோம் என்று தீர்மானித்துவிட்டேன்.

துப்பாக்கி என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி லைசென்ஸ். 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 0.177 அங்குலத்துக்குள்ளும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருக்கிற ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைபிள் சுமார் 7.5 ஜூல்தான். அப்படியிருந்தும் குழல், டிரிகர், ஆக்‌ஷன் மூன்றையும், அதாவது சுடுகிற பாகங்களை, வீட்டிலேயே வைத்துவிட்டேன். வெளியே போனது ஸ்டாக் பாகங்கள் மட்டும். பார்சல் ஆபீஸில் யாராவது பிரித்துப் பார்த்தால் ஏதோ மிஷின் சாமான் என்றுதான் நினைப்பார்கள். வாங்கிய பில்லின் ஜெராக்ஸையும் உள்ளே போட்டேன். யாரும் கேட்கவில்லை.

கழற்றுவதற்கு முன்னால் மகள் ஒரு வேலை செய்தாள், அதுதான் பின்னால் காப்பாற்றியது. தோளில் பதிகிற பட் பிளேட் எந்தக் கோட்டில் நிற்கிறது, கன்னத் தாங்கி எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு என்று ஸ்கேல் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். உடம்புக்குத் தக்கபடி மாதக்கணக்கில் திருகித் திருகிச் சேர்த்த அளவுகள் அவை.

முதலில் பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தேன். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் பாகங்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். காந்தம் வைத்தார். ஒரு சின்ன லீவரை மட்டும் தனியே ஒதுக்கினார்.

"இது அலுமினியம் இல்ல அண்ணாச்சி, கனக்குது. சிங்க் வார்ப்பு. ஆசிட்ல போட்டா கரைஞ்சிரும், பாத்துக்கிடுங்க."

சிங்க் என்றால் துத்தநாகம். காந்தம் இரண்டிலுமே ஒட்டாது. ஆனால் ஒரே அளவு துண்டை எடுத்தால் சிங்க் இரண்டரை மடங்கு கனம். அவர் கைக்கு அது தெரிந்துவிட்டது. பிளாக்குக்குள் இறுக்கி அடித்திருந்த இரண்டு எஃகுப் பின்களையும் அவர்தான் கண்டுபிடித்துத் தட்டி எடுத்தார். எஃகு உள்ளே இருந்தபடி பாகத்தைத் தொட்டியில் இறக்கினால், கரண்டெல்லாம் அதன் வழியாக ஓடி எஃகு அரிபட்டு, பக்கத்திலிருக்கிற அலுமினியத்தில் கோட்டிங்கும் ஏறாது. இந்த வேலையில் முக்கால்வாசி தொட்டிக்குப் போவதற்கு முன்னாடியே முடிந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். எந்தப் பாகம் எந்த உலோகம் என்று தெரியாமல் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால், திரும்பி வருவதற்கு அனோடைசிங்காரரைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டிய ஆளும் ஒருவர் வாய்த்தார். ஜன்னல் செக்‌ஷன்களுக்கு அனோடைசிங் செய்கிற ஓர் இடத்தில், சோதனைக்காக, ஸ்டாக்கின் அடியில் இடது கையை நிறுத்துகிற ஹேண்ட் ஸ்டாப்பை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். பழைய கோட்டிங்கை எடுக்க அவர்கள் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டார்கள். காஸ்டிக் பழைய கோட்டிங்கையும் தின்னும், அது தீர்ந்ததும் அடியில் இருக்கிற அலுமினியத்தையும் தின்னும். நேரம் பார்த்து எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. ரெயிலில் இறுக்கமாக வழுக்கி ஓட வேண்டிய பாகம் தொளதொளவென்று வந்தது. முனைகள் மழுங்கி, கறுப்பு கேட்ட இடத்தில் சாம்பல் திட்டு. "ஜன்னலுக்கு இது போதும் சார்" என்றார்கள். ஜன்னலுக்குப் போதும்தான்.

அப்புறம் கோயம்புத்தூர். பம்ப், மோட்டார், ஜவுளி மிஷின் உதிரிபாகம் என்று நுணுக்கமான வேலை வருகிற ஊர் என்பதால் அளவு தெரிந்த ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். நான் போன இடத்தில் முதலில் கேட்ட கேள்வியே, "எங்கெங்கே ஃபிட்டிங் வருது?" என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழைய கோட்டிங்கை அவர்கள் எடுத்தது பாஸ்பாரிக், குரோமிக் அமிலங்கள் கலந்த சூடான கரைசலில். அது ஆக்சைடை மட்டும் கரைக்கும், உலோகத்தை அநேகமாகத் தொடாது.

அனோடைசிங்கைப் பெயின்ட் என்று நினைக்கிறவர்கள் நிறைய. மேலே எதையும் பூசுவதில்லை. சல்ஃப்யூரிக் அமிலத் தொட்டியில் பாகத்தைப் பிளஸ்ஸில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால், அலுமினியத்தின் மேல்தோலே ஆக்சைடாக மாறுகிறது. தோராயமாகப் பாதி உள்ளே இறங்கும், பாதி வெளியே வளரும். 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கோட்டிங் என்றால் ஒரு பக்கம் 10 மைக்ரான் பருக்கும். சாதாரண இடத்தில் இது ஒன்றுமில்லை. மரையில்தான் தகராறு: சரிவான இரண்டு முகங்களிலும் ஏறுவதால் மரை விட்டத்தில் அது நாலு மடங்காகி, 40 மைக்ரான் இறுகும். எம்3, எம்4 (3, 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூ) மரைகளுக்கு ரப்பர் அடைப்பான் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள்.

தொட்டியைப் பார்க்க விட்டார்கள். பக்கத்தில் அமிலத்தைக் குளிர வைக்கிற சில்லர் ஓடிக்கொண்டே இருந்தது. அமிலம் 20 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டுமாம். சூடேறினால் கோட்டிங் மெத்தென்று, கையில் ஒட்டுகிற பொடியாக வரும். நம்மூர் சித்திரை மாசத்தில் சில்லர் இல்லாமல் இந்தத் தொழிலை நினைத்தே பார்க்க முடியாது. வெளியே எடுத்த பாகம் வெறும் மங்கல் சாம்பலாகத்தான் இருந்தது. அந்த ஆக்சைடில் இடியாப்ப அச்சுத் தட்டு போல, கண்ணுக்குத் தெரியாத துளைகள். சூடான கறுப்புச் சாயத்தில் முக்கியதும் துளைகள் சாயத்தைக் குடிக்கின்றன. என் கண் முன்னாலேயே சாம்பல் பழுப்பாகி, ஊதாவாகி, கறுப்பாகியது. பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் துளைகளை மூட வேண்டும். இதைச் சீலிங் என்கிறார்கள். அதற்கு உப்பு நீக்கிய தண்ணீர்தான் ஆகும். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் குழாயில் பிடித்து ஊற்றினால் செல்லாது.

கீறலை இது மறைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருக்கிற கீறல் கறுப்பில் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் முன்னதாகவே எமரி ஷீட் 320, 400, 600 என்று தேய்த்து, பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றால் வீசியடிக்கிற பிளாஸ்டிங் கொடுத்து ஒரே சீராக மங்கலாக்கியிருந்தார்கள். தொங்கவிட்ட கம்பி தொட்ட இடத்தில் புள்ளியாகக் கோட்டிங் ஏறாது. அந்தப் புள்ளி எங்கே விழ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் பட் பிளேட்டின் உள்பக்கத்தைக் காட்டினேன்.

காற்று சிலிண்டரையும் சேர்த்துக் கொடுத்தால் செட்டாக இருக்குமே என்று மகளுக்கு ஆசை. கூடவே கூடாது என்றேன். 200 பார் அழுத்தம் தாங்குகிற பாத்திரம் அது. சுவரை அமிலமோ காஸ்டிக்கோ மைக்ரான் கணக்கில் தின்றாலும், பக்கத்தில் நிற்பது நம் பிள்ளை.

இதற்குள் விஷயம் கடையத்தில் இருக்கிற மாமா காதுக்குப் போய்விட்டது. பயிர்க் காவலுக்காக லைசென்ஸில் ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறவர்.

"மருமவனே, அப்படியே நம்ம குழலுக்கும் அந்தக் கறுப்பை ஏத்தி வாங்கிட்டு வந்திரு. எலெக்சனுக்கு ஸ்டேஷன்ல குடுத்து வாங்கினதுல இருந்து துரு புடிச்சிக் கெடக்கு."

அவர் குழல் எஃகு. எஃகுக்கு அனோடைசிங் கிடையாது, அந்த அமிலத்தில் அரித்துவிடும். அதற்கு புளூயிங் என்று வேறு வேலை: காஸ்டிக்கும் நைட்ரேட் உப்பும் சேர்ந்து 140 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிற கரைசலில் குழலை முக்குவார்கள். ஈயப் பற்று வைத்த இரட்டைக்குழல் என்றால் பற்றே விட்டுப்போகும் என்பதால் அதற்கு இந்த முறை ஆகாது. அதையெல்லாம் விட முக்கியமானது, நிஜத் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே 1959 ஆயுதச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள ஆயுத டீலரிடம் மாமாவே எடுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் எடுத்துப் போகிறவருக்கு அவர் எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் என் பையில் வைத்துக் கொண்டுபோனால் நானும் மாட்டுவேன், லைசென்ஸ் இல்லாமல் வாங்கி வைக்கிற பட்டறைக்காரரும் மாட்டுவார். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பாகங்கள் வந்ததும் ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். சாயம் ஒட்டவில்லை, சீலிங் சரி. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் கறுப்பின் மேல் வைத்தேன், கரண்ட் போகவில்லை. ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே கோட்டிங் நிஜமாகவே ஏறியிருக்கிறது. ஒரு பிளாக் மட்டும் லேசாகப் பழுப்படிக்கிறது. அது வேறு கலவை அலுமினியம், ஒரே தொட்டியில் போட்டாலும் நிறம் அப்படியே ஒத்துவராது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தொளதொளத்த ஹேண்ட் ஸ்டாப்புக்கு லேத் அண்ணாச்சி மெல்லிய பித்தளைத் தகடு வெட்டி அண்டை கொடுத்தார். சிங்க் லீவருக்கு மேட் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். இப்போது போடுகிற ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ், ஒவ்வொன்றுக்கும் துளி கிரீஸ். மகள் நோட்டைப் பார்த்து அளவு வைத்துப் பூட்டினாள், அன்றைக்குச் சாயங்காலமே பயிற்சிக்கும் எடுத்துப் போய்விட்டாள்.

கூலி பாகத்துக்கு இவ்வளவு என்று இல்லை, ஒரு தடவை தொட்டி ஓட்டுவதற்கு மினிமம் சார்ஜ். ஒரு பாகம் கொடுத்தாலும் அதே காசுதான் என்பதால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொடுத்தால் லாபம். அப்படிக் கொடுக்கிறவர்கள் சலானில் பாகத்தின் எண்ணிக்கை, நிறம், மைக்ரான், எந்த மரைக்கு அடைப்பு, எந்த முறையில் பழைய கோட்டிங்கை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.